கொள்ளு இப்போது வேண்டாம், அம்மணி

கேள்வி: ஐயா, கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறோம், ஆறு கறவை மாடு இருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையை, நொண்டுகிறது, சுழியும் சரியில்லை என்று சொல்லி அடிமாட்டு வண்டியில் ஏற்றப் பார்த்தார்கள். மனசு கேட்காமல் 7,000 ரூபாய் கொடுத்துப் பிடித்து வந்து நாலு நாள் ஆகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறது, வாயோரத்தில் தழும்பும் இருக்கிறது. எட்டு வயது என்று விற்றவர் சொன்னார். என் மாமனார் சின்ன வயதில் குதிரை வண்டி ஓட்டியவர். அவர் சொன்னபடி வேகவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, வெல்லம் எல்லாம் வயிறாரக் கொடுத்தோம். இரண்டாம் நாள் ராத்திரி படுத்துப் புரண்டது, வேர்த்துக் கொட்டியது. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் காப்பாற்றினார். அதிலிருந்து பயந்துபோய் வெறும் வைக்கோல்தான் போடுகிறோம், அதையும் மென்று உருண்டையாகத் துப்புகிறது. எப்படித் தேற்றுவது? மாட்டுத் தீவனம் கொடுக்கலாமா? குளம்பு ரொம்ப வளர்ந்திருக்கிறது, லாடம் அடிக்க வேண்டுமா? 11 வயது மகள் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறாள். குதிரையோடு கொடுத்த கடிவாளத்தையும் சேர்த்து நாலு படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மணி, மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் மூன்றாவது படத்தில் குதிரை கட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னால் வேலியோரம் செவ்வரளி பூத்து நிற்கிறது. குதிரையை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். அரளியில் பத்து இருபது இலை உள்ளே போனாலே ஒரு முழுக் குதிரையின் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும், காய்ந்து விழுந்த சருகிலும் அதே விஷம் இருக்கும். பசியில் இருக்கும் குதிரை கசப்பு பார்க்காது. மஞ்சள் வயல் இருந்தால் வரப்பில் ஆமணக்கும் இருக்குமே, அந்தப் பக்கமும் விடவே கூடாது. ஆமணக்கு விதை ஒரு கைப்பிடி போதும், குதிரை தாங்காது.

கட்டிவிட்டீர்களா? சரி, இப்போது தீவனத்துக்கு வருவோம்.

உங்கள் மாமனார் சொன்னது பொய்யில்லை. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் வண்டி இழுக்கிற, உடம்பில் சதை இருக்கிற குதிரைக்குக் கொள்ளு சரியான தீனிதான். அவர் காலத்துக் குதிரைகள் அப்படி உழைத்தவை, அவருக்குத் தெரிந்த குதிரை அது. நீங்கள் பிடித்து வந்திருப்பது வேறு. இது மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு. முதல் படத்தில் விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ண முடிகிறது, முதுகெலும்பு கத்தி முனை மாதிரி எழும்பியிருக்கிறது, வால் பக்கம் இரண்டு எலும்பும் தனியாகத் துருத்திக்கொண்டு நடுவில் குழி விழுந்திருக்கிறது. குதிரையின் உடல்நிலைக்கு ஹென்னெகே என்பவர் 1983இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை ஒன்று உண்டு. 5 என்றால் நல்ல உடம்பு. உங்கள் குதிரைக்கு 1க்கும் 2க்கும் நடுவில்தான் போட முடிகிறது.

இந்த நிலையில் இருக்கிற பிராணியைப் பசி கொல்வதைவிட வேகமாகச் சோறு கொன்றுவிடும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். பட்டினியில் உடம்பு முதலில் கொழுப்பைக் கரைக்கும், பிறகு சதையைத் தின்னும். கூடவே பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற உப்புகளின் இருப்பும் காலியாகிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் மாவும் சர்க்கரையும் நிறைந்த தீனி உள்ளே போனால் இன்சுலின் திடீரென்று ஏறும். இன்சுலின் சர்க்கரையைத் திசுவுக்குள் இழுக்கும்போது இரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்த உப்புகளையும் சேர்த்து இழுத்துவிடும். இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்ததும் இதயமும் மூச்சுவிடும் சதையும் வேலை செய்ய முடியாமல் தடுமாறுகின்றன. பெரும்பாலும் தீனி போட ஆரம்பித்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், ‘பரவாயில்லை, தேறிவிட்டது’ என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, குதிரை சாய்ந்துவிடும். மனிதர்களுக்கும் இப்படித்தான். 1945இல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், பசி தீர ஒரேயடியாகச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்திருந்தேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு செங்கல் சூளையிலிருந்து மீட்ட கறுப்புக் குதிரை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். அது கொள்ளை முகர்ந்ததும் காதை முன்னால் நீட்டி, உதட்டால் என் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே தின்றது. இன்னும் கேட்டது, கொடுத்தேன். நாலாம் நாள் விடிகாலை பார்க்கப் போனேன், நின்ற இடத்திலேயே கால் நடுங்கியது, கழுத்தைத் தூக்க முடியவில்லை, மத்தியானத்துக்குள் போய்விட்டது. அந்தக் குதிரை பசியால் சாகவில்லை, நான் கொடுத்த கொள்ளால் செத்தது. அதற்குப் பிறகு பட்டினிக் குதிரைக்கு என் கையால் தானியம் அவசரப்பட்டுக் கொடுத்ததே இல்லை, யாராவது கொடுத்தாலும் பாத்திரத்தைப் பிடுங்கிவிடுவேன்.

ஆகவே இன்றைக்கு முதல் நாள் என்று வைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பிப்போம். முன்னால் கொடுத்தது கணக்கில்லை.

முதலில் எடை தெரிய வேண்டும். தையல் நாடாவை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு எடுங்கள். பிறகு முன் தோள்பட்டையின் முனையிலிருந்து பின்பக்கப் புட்டத்து எலும்பின் முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். படத்தைப் பார்த்தால் சுற்றளவு 140, நீளம் 135 போல இருக்கும் என்று தோன்றுகிறது, அப்படியானால் 223 கிலோ வருகிறது. நீங்கள் அளந்து என்ன வருகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை, அதே ஆள், அதே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே நாடாவுக்குத் தெரிந்துவிடும்.

தீனி குதிரை மசால் என்ற தீவனப் பயிர். பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனாலும் உங்கள் பக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள்தான் பயிர் செய்கிறார்கள், கேட்டால் கிடைக்கும். கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்திலிருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில், பட்டினிக் குதிரைகளுக்குப் பல தீவனங்களைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இந்தப் பயிரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம், தீர்ந்துபோன பாஸ்பரஸும் மெக்னீசியமும் இதில் இருக்கின்றன, இன்சுலினைத் தூக்கி அடிக்காது. அவர்கள் சொல்லும் அளவு 450 கிலோ குதிரைக்கு. உங்களுடையது அதில் பாதி, அதனால் அளவையும் பாதியாக்கித் தருகிறேன். காயவைத்த குதிரை மசால் ஒரு வேளைக்கு 225 கிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆக ஒரு நாளைக்கு ஆறு வேளை. காலை 6, 10, மத்தியானம் 2, சாயந்திரம் 6, ராத்திரி 10, பின்னிரவு 2. பச்சையாகத்தான் கிடைக்கிறது என்றால் அறுத்து ஒரு பொழுது வாட்டிவிட்டுக் கொடுங்கள், பச்சையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், வாட்டும் முன் நிறுத்தால் ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். தராசில் நிறுத்தே போடுங்கள், கைக்கணக்கு வேண்டாம், ஏனென்றால் பாவம் பார்க்கும் கை எப்போதும் கூடுதலாகவே அள்ளும்.

இப்படி மூன்று நாள். நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஆறாம் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு வேளைக்கு ஒரு கிலோ என்ற கணக்குக்கு வந்திருக்க வேண்டும். பத்தாம் நாளுக்கு அப்புறம் தின்கிற வரைக்கும் தின்னலாம், அப்போது அறுகம்புல்லையும் சேர்க்க ஆரம்பியுங்கள். கொள்ளு, தவிடு, வெல்லம், கஞ்சி, வாழைப்பழம், சாமி பிரசாதம், எதுவும் இந்தப் பத்து நாளில் வாயில் படக்கூடாது. ஆசையாகப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கொண்டுவருவார்கள். அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் எப்போதும் சுத்தமாக, எட்டும் இடத்தில். வெயில் நாளில் 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், தொட்டியில் வைக்காமல் வாளியில் வைத்தால்தான் எவ்வளவு குடித்தது என்று தெரியும். ஒரு துண்டு கல்லுப்பைத் தனியாக வையுங்கள், தானாக நக்கிக்கொள்ளும், தண்ணீரில் கலக்காதீர்கள்.

இந்த நாட்களில் காலையும் மாலையும் நாடித் துடிப்பு பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்து மெல்லத் தேடினால் பென்சில் கனத்தில் ஒரு குழாய் விரலுக்கடியில் உருளும், அதுதான். நிம்மதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். மூச்சு 8 முதல் 16. காய்ச்சல் மானி ஆசனவாயில் வைத்தால் 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட். அப்படி வைக்கும்போது நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒட்டி நில்லுங்கள். நாடி 60ஐத் தாண்டினாலும், கால் நடுங்கினாலும், தள்ளாடினாலும், தீனியைப் பார்த்தும் தலையைத் திருப்பிக்கொண்டாலும் அன்றைக்கு வந்த அதே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒருவேளை அவர் கிடைக்கவில்லை என்றால் 1962க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். டாக்டரிடம் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

மாட்டுத் தீவனம் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. மாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குதிரையும் புல் தின்கிற பிராணிதானே என்று தோன்றும், ஆனால் உள்ளே கட்டமைப்பே வேறு. மாட்டுக்கு நாலு அறை, முதல் அறையே பெரிய புளிப்புத் தொட்டி மாதிரி, அரைபடாததைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். குதிரைக்கு வயிறு ஒன்றே ஒன்று, அதுவும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னது, பெரிய குதிரைக்கே எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். நார் செரிப்பதெல்லாம் பின்குடலில். தானியத்தை அளவுக்கு மேல் கொட்டினால் செரிக்காமல் பின்குடலுக்குப் போய்ப் புளித்து, காற்றும் அமிலமும் கட்டி வயிற்றுவலி வரும், குளம்புக்குள்ளும் வீக்கம் இறங்கும். இதைவிட முக்கியம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது மேலே வராது, அழுத்தம் தாங்காமல் வயிறே வெடித்துச் செத்த குதிரைகள் உண்டு. அன்றைக்கு டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டாரே, அந்த அழுத்தத்தை இறக்குவதற்குத்தான். நல்ல கை அவருக்கு. இன்னொரு காரணமும் உண்டு. சில மாட்டுத் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலப்பார்கள், கோழித் தீவனத்திலும் அந்த வகை மருந்துகள் இருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் அது நல்லது, குதிரைக்கு இதயத்தை அழிக்கும் விஷம். மாட்டுத் தொட்டியில் மிச்சம் இருப்பதைக்கூடக் குதிரை நக்க விடாதீர்கள்.

மறுபடி எப்போதாவது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, முன்னங்காலால் தரையைப் பறித்தாலோ, மேலுதட்டைச் சுருட்டினாலோ, சாணி போடாமல் படுத்துப் படுத்து எழுந்தாலோ, தீனியை எடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், வரும் வரை மெதுவாக நடத்துங்கள். மூங்கில் குழாயில் நல்லெண்ணெயோ கஷாயமோ புகட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மாட்டுக்குச் செய்கிற பழக்கத்தில் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றிவிடுகிறார்கள், அது நேராக நுரையீரலுக்குள் இறங்கி, வயிற்றுவலி போனாலும் ஒரு வாரத்தில் நிமோனியாவில் குதிரை போய்விடுகிறது.

தேறிய பிறகு என்ன போடுவது என்பதில் உங்களுக்கு ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு கோ-4 என்ற கம்பு நேப்பியர் புல் போட்டிருப்பீர்கள், தவிடும் வீட்டில் இருக்கும், இரண்டையும் போட்டால் குதிரை பளபளவென்று ஆகும் என்று நினைப்போம். கம்பு நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் முக எலும்பு இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு வரும், பல் ஆடும், இடம் மாறி மாறி நொண்டும். மாட்டுக்கு முதல் அறையில் இருக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பகுதி ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. காங்கேயம் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லிலும் இது உண்டு, அதை மட்டுமே போட்டு வளர்க்கக்கூடாது. பேசாமல் அறுகம்புல்லை நம்புங்கள். வரப்பில் முளைத்து நம்மைத் தொந்தரவு செய்கிறது என்று பிடுங்கி எறிகிறோமே, அதே புல்தான், உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் காயவைத்துப் போடும் புல் அது. அறுகும் குதிரை மசாலும் சேர்த்து, எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம் ஒரு நாளைக்கு. வைக்கோலை நிறுத்திவிடுங்கள். சத்தும் இல்லை, இந்தப் பல்லுக்கு அது அரைபடாமல் குடலில் அடைத்துக்கொள்ளும்.

பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்றவர் எட்டு வயது என்றாராம். உங்கள் இரண்டாவது படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்வரிசையின் ஓரப்பல்லில் ஈறிலிருந்து கீழ்நோக்கி ஒரு பழுப்புக் கோடு இறங்குகிறது, பாதிப் பல்லைத் தாண்டிவிட்டது. அந்தக் கோடு பத்து வயது வாக்கில் ஈறோரம் தலைகாட்டும், பதினைந்தில் பாதி வரும், இருபதில் அடிவரை வந்துவிடும். துல்லியமான கணக்கு இல்லை என்றாலும், உங்கள் குதிரைக்கு வயது பதினைந்துக்கு மேல் என்று தைரியமாகச் சொல்வேன். உருண்டை உருண்டையாகத் துப்புவதற்கும் பல்தான் காரணமாக இருக்கும். குதிரைப் பல் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப் பல்லின் உள் விளிம்பும் தேயாமல் அரிவாள் மாதிரி கூர்ந்து, மெல்லும்போதெல்லாம் கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். அரம் வைத்து ராவி விட வேண்டும், ஆனால் மயக்க ஊசி போட வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று வாரம் தேறட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தொலைவில்லை, வாயைத் திறந்து பிடிக்கும் கருவியோடு பார்ப்பவரிடமே காட்டுங்கள். அதுவரை குதிரை மசாலை ஒரு அங்குல நீளத்துக்கு நறுக்கி, தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள்.

வாயோரத்தில் தழும்பு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், குதிரையோடு அவர்கள் கொடுத்த கடிவாளத்தின் படமும் அனுப்பினீர்கள். நாக்கில் படும் கம்பியில் வரிசையாக முள் இருக்கிறது பாருங்கள், அது முள் கடிவாளம். சுமை இழுக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே இதற்குத் தடை இருக்கிறது. ஆனாலும் பேண்டு வாத்தியத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் மிரளும் குதிரையை அடக்க இன்னும் மாட்டுகிறார்கள். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று நம் ஊரில் குதிரை மேல் பழி சொல்வார்கள். இந்தக் கம்பியை ஒரு தடவை உங்கள் விரலால் தடவிப் பாருங்கள், ஏன் மூடுகிறது என்று புரிந்துவிடும். இனி இதன் வாயில் எதுவும் வேண்டாம். பருத்திக் கயிற்றில் தலைக்கயிறு போட்டு, கழுத்தில் இறுகாத முடிச்சாகக் கட்டினால் போதும்.

குளம்பு. முன் குளம்பு செருப்பு நுனி மாதிரி மேலே வளைந்திருக்கிறது. லாடம் இப்போது வேண்டாம், வேலை செய்யாத குதிரைக்கு அது தேவையும் இல்லை, வேண்டியது குளம்பு செதுக்குவது. மாட்டுக்கு லாடம் கட்டுபவரைக் கூப்பிட்டு விடாதீர்கள், பிளவுபட்ட குளம்பும் ஒற்றைக் குளம்பும் வேறு வேறு வேலை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் குதிரை கொண்டுவருகிறவர்களிடம் விசாரித்தால் நல்ல ஆள் யாரென்று சொல்வார்கள். ஒரே நாளில் ஒட்டச் செதுக்கச் சொல்லாதீர்கள், காலின் கோணம் திடீரென்று மாறினால் தசைநார் இழுத்து இன்னும் நொண்டும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் குளம்பு வளரும், முழுக் குளம்பும் புதிதாக வர கிட்டத்தட்ட ஒரு வருஷம். தினமும் குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். நடுவில் முக்கோணமாக ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும், அதன் ஓரப் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து அழுகின நாற்றம் அடித்தால் ஈரத்தில் நிற்கிறது என்று அர்த்தம், தரையை உலர வையுங்கள். குளம்பில் சூடு தெரிந்து, முன்னங்காலை நீட்டி உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் அது அவசரம், டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் ஊசியும் சோதனையும். குதிரைக்கு ரண ஜன்னி (டெட்டனஸ்) பிடிப்பது மாதிரி வேறு எந்த வீட்டுப் பிராணிக்கும் பிடிக்காது, ஒரு ஆணிக் குத்து போதும். தடுப்பூசி இரண்டு தவணை, நாலு வாரம் இடைவெளி. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ரண ஜன்னி ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள், வெறுங்காலோடு தொழுவத்துக்குப் போகிற பழக்கம் நமக்கு உண்டு. இரத்தம் எடுத்து சர்ரா பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கும் ஈக்கள் பரப்புகிற நோய், விட்டு விட்டுக் காய்ச்சலும் இரத்தச் சோகையும் வந்து, எவ்வளவு போட்டாலும் உடம்பு ஏறாது. கிளாண்டர்ஸ் சோதனையை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். குதிரையிலிருந்து மனிதருக்கு வரும், உயிரையும் எடுக்கும். அரசு கால்நடை மருத்துவமனையில் சொன்னால் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். முடிவு வரும் வரை மற்ற குதிரை அருகில் விடாமல் தனியாகக் கட்டுங்கள், தனி வாளி வையுங்கள், மூக்கில் சளி வடிந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குடற்புழு மருந்தும் கொஞ்சம் பொறுக்கட்டும், முதலில் சாணியில் முட்டை எண்ணிப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் மருந்தை மட்டும். மோக்ஸிடெக்டின் என்ற புழு மருந்து இவ்வளவு மெலிந்த குதிரைக்கு ஆபத்து.

மூக்கின் மேல் இளஞ்சிவப்புத் தோல் உரிவது வெயிலால், நிழலில் கட்டினால் ஆறிவிடும். சுழியைப் பற்றி விற்றவர்கள் சொன்னதை மறந்துவிடுங்கள், நெற்றியில் முடி எந்தப் பக்கம் சுழன்றாலும் இந்தக் குதிரை பட்டினி கிடந்தது மனிதர்கள் தீனி போடாததால்தான்.

மகளைப் பற்றி. இந்தக் குதிரை நல்ல உடம்புக்கு வர மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஆகும், கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். அதற்குப் பிறகும், இந்த வயதில், இந்தக் காலோடு, ஏறிச் சவாரி போகிற குதிரையாக இது ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் ரொம்ப வருத்தப்படுவாள். சோதனை முடிவு நல்லபடியாக வந்ததும் அவள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வந்து, கழுத்தில் கைவைத்து மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துவிடட்டும். முதல் வாரம் குதிரை சுருங்கும், முள் கடிவாளம் மாட்டிய கை வருகிறது என்று நினைக்கும், அப்போது இவள் கையை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வந்து சும்மா நிற்க வேண்டும். குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, காதைத் தளர்த்தியதும் மறுபடி தொடட்டும். நாடாவும் நோட்டும் அவள் பொறுப்பில் இருக்கட்டும், 11 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெருக்கல் வகுத்தல் எல்லாம் நன்றாக வரும்.

பின்னிரவு 2 மணி வேளைக்கு யார் எழுந்திருப்பது என்றுதான் எல்லா வீட்டிலும் சண்டை வரும். அதை உங்கள் மாமனாரிடம் விடுங்கள். முதல் பஸ் வரும் முன்பே குதிரைக்குத் தீனி காட்டி வண்டி பூட்டிய மனிதர், அந்த நேரத்தில் விழிப்பு தானாக வரும் அவருக்கு. 225 கிராம்தான் என்று தராசைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள், கொள்ளு டப்பாவை மட்டும் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.